டார்ச்சுக்குள் சிக்கிய பேட்டரி
வீட்டுப் பட்டறை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: "இரவில் வயலுக்குப் போக, சந்தையில் 150 ரூபாய்க்கு ஒரு டார்ச் வாங்கினேன். நாலு மாதம் நன்றாக எரிந்தது. அறுவடை முடிந்ததும் பரண்மேல் போட்டுவிட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் எரியவில்லை. பின்மூடியைக் கழற்றித் தட்டினாலும் பேட்டரி வெளியே வர மறுக்கிறது. திருப்புளியை விட்டு நெம்பலாமா? நாலு மாதத்தில் தூக்கிப்போட மனமில்லை."
வாசகர் ஒருவர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: இப்போதைக்கு நெம்பாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு முக்கியமான விவரம் விட்டுப்போயிருக்கிறது. உள்ளே இருப்பது என்ன பேட்டரி என்று நீங்கள் எழுதவில்லை. கடையில் 'கட்டை' என்று கேட்டு வாங்குவோமே, அந்தச் சாதாரண கட்டையா, அல்கலைன் கட்டையா, சார்ஜ் போடுகிற லித்தியம் பேட்டரியா? இந்த மூன்றில் முதலாவதை நெம்பினால் கையில் அழுக்கு ஒட்டும். இரண்டாவது கையைப் பொசுக்கும். மூன்றாவது தீப்பிடிக்கக்கூடும். திருப்புளி மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் உள்ளே போகும்.

150 ரூபாய் டார்ச்சுக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில் மோட்டார் போட வரப்பில் நடக்கிறவருக்கு அது 150 ரூபாய்ப் பொருள் இல்லை. கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடி வெளியே வரும். அதன் கடி பல சமயம் வலிக்கக்கூட வலிக்காது. அதனால் காலடியில் வெளிச்சம் இருந்தே ஆக வேண்டும்.

முதலில் பேட்டரியை அடையாளம் காணுங்கள். டார்ச்சின் முன்பக்கத் தலையையும் பின்மூடியையும் கழற்றினால் பேட்டரியின் இரு முனையும் ஓரளவு தெரியும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வாங்கிய அட்டைப்பெட்டி இருந்தால் அதிலும் எழுதியிருக்கும். பழைய நீளமான டார்ச்சில் போடும் பெரிய கட்டை ஏறக்குறைய 33 மில்லிமீட்டர் பருமன் இருக்கும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் கட்டை 14 மில்லிமீட்டர் பருமன், 50 மில்லிமீட்டர் நீளம். இரண்டிலும் 1.5 வோல்ட் என்று இருக்கும். அதே பெட்டியில் 'அல்கலைன்' என்ற சொல் இருந்தால் அது தனி ரகம். 18 மில்லிமீட்டர் பருமனும் 65 மில்லிமீட்டர் நீளமுமாக, நம் பெருவிரல் கனத்தில், 3.7 வோல்ட் என்றோ 18650 என்றோ அச்சிட்டிருந்தால் அது லித்தியம். அந்த எண்ணே அதன் அளவுதான்: 18 பருமன், 65 நீளம்.

நாலு மாதம் எரிந்து, பிறகு பரணில் கிடந்து, இப்போது வர மறுக்கிறது என்கிறீர்கள். சார்ஜ் போடுவதைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை. அதனால் கட்டை கசிந்து உப்பியிருக்கவே அதிக வாய்ப்பு. சாதாரண கட்டையின் உள்கூடு துத்தநாகத் தகடு. அந்தத் தகடே மின்சாரம் தரும் பொருளும்கூட. எரிய எரிய அது கரையும். தீர்ந்துபோன கட்டையை உள்ளேயே விட்டுவைத்தால் கரைந்த இடத்தில் ஓட்டை விழுந்து, உள்ளே இருக்கும் ஈரக்களிம்பு வெளியே வரும். அது காய்ந்து வெள்ளையாகவோ பழுப்பாகவோ உப்புப் பூத்ததுபோல் குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் டார்ச்சில் இரண்டு மூன்று கட்டைகள் போட்டு, அதில் ஒன்று மட்டும் பழையதாக இருந்திருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். புதிய கட்டைகள் அந்தப் பழையதை அது தீர்ந்த பிறகும் இழுத்துப் போகும். அதற்குள் வாயு சேர்ந்து, அடைப்பு விட்டுக் கசியும்.

சாதாரண கட்டையின் கசிவு லேசான அமிலம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து, கட்டைக்கும் குழலுக்கும் நடுவே சில சொட்டு விடுங்கள். நுரைக்கும். அல்கலைன் கட்டையின் கசிவு இதற்கு நேர் எதிர். அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரம். தோலில் பட்டால் முதலில் சோப்புபோல வழுவழுக்கும், பிறகு எரியும். அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ சில சொட்டு. எந்த ரகம் என்று தெரியாவிட்டால் வெறும் தண்ணீரே போதும். எதுவானாலும் முதலில் முன்பக்கத் தலையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். எல்இடி பலகையில் ஈரம் ஏறக்கூடாது. கையுறை இல்லாவிட்டால் கையில் ஒரு பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு குழலின் உள்ளளவைவிடச் சற்றே மெலிந்த மூங்கில் குச்சியையோ மண்வெட்டிக் காம்பின் துண்டையோ எடுத்து, நுனியைத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். டார்ச்சின் பின்பக்கம் கீழே பார்க்கும்படி மடித்த சாக்கின்மேல் நிறுத்தி, முன்பக்கத்திலிருந்து குச்சியை விட்டு, மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். சாக்கில் ஒரு குழி விட்டுக்கொண்டால் கட்டை இறங்க இடம் இருக்கும். பத்துத் தட்டில் அசையவில்லை என்றால் மறுபடி சொட்டு விட்டு, இன்னொரு அரை மணி நேரம். பொதுவாக இரண்டாம் முறை வந்துவிடும். அடுப்பில் காட்டுவது, கொதிநீரில் போடுவது எல்லாம் வேண்டாம்.

சில பட்டறைகளில் கட்டையின் அடியில் மரத் திருகாணியை ஏற்றி, குறடால் பிடித்து இழுப்பார்கள். சாதாரண துத்தநாகக் கட்டையில் இது பலிக்கும். அல்கலைனிலும் லித்தியத்திலும் இதைச் செய்யவே கூடாது. அல்கலைன் கட்டைக்குள் அழுத்தத்தோடு காரம் இருக்கும். ஓட்டை போட்ட கணமே முகத்தில் பீய்ச்சலாம். அலுமினியக் குழலுக்குள் அல்கலைன் கசிந்து மாதக்கணக்கில் கிடந்திருந்தால் குழலையே அரித்திருக்கும். காரம் அலுமினியத்தைத் தின்னும். அந்த டார்ச்சோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தம் இல்லை, கட்டையோடு சேர்த்து விட்டுவிடுங்கள்.

இனி, உள்ளே இருப்பது லித்தியம் என்றால்.

இதில் பேட்டரி சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறை கிழிந்து சுருண்டு, குழலில் ஆப்புபோல மாட்டிக்கொள்வதுதான். உறைமேல் இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டி விற்ற பேட்டரியும் இறுக்கிக்கொள்ளும். அந்த உறை அழகுக்காகப் போட்டது அல்ல. பேட்டரியின் இரும்புக் கூடு முழுவதுமே எதிர்முனை. நேர்முனைப் பொத்தானுக்கும் அந்தக் கூட்டின் விளிம்புக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான். அந்த இடத்தில் திருப்புளி நுனி இரண்டையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகி, நொடியில் கொதிக்கும். கூட்டைக் குத்திக் கிழித்தாலும் அதே கதிதான்.

அதனால் லித்தியத்துக்கு ஈரம் வேண்டாம், இரும்பு வேண்டாம், சூடு வேண்டாம். சுவிட்சை அணைத்து, தலையைக் கழற்றி, திறந்த வாயை மடித்த துணியின்மேல் கவிழ்த்து லேசாகத் தட்டுங்கள். வரவில்லை என்றால் மழுங்கிய மரக்குச்சியால் கையாலேயே தள்ளுங்கள், சுத்தியல் கூடாது. அதற்கும் வரவில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வேலை செய்யும்போது சூடேறினாலோ, 'உஸ்' என்ற சத்தம் வந்தாலோ, பெயின்ட் தின்னர்போல இனிப்பு வாடை அடித்தாலோ, வீட்டுக்கு வெளியே வெறும் மண்தரையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். வைக்கோல்போர், கூரைக்கொட்டகை, மாட்டுத்தொழுவம் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. புகை வந்தால் அதைச் சுவாசிக்காதீர்கள்.

வெளியே வந்த பேட்டரியின் உறை கிழிந்திருந்தாலோ, நசுங்கியிருந்தாலோ அதை மறுபடி போட வேண்டாம். புதியது வாங்கும்போது ஒரு விஷயம். 9,800 எம்ஏஹெச் என்று பெரிய எழுத்தில் போட்ட 18650 பேட்டரிகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. நல்ல தயாரிப்புகளே 3,500-ஐ ஒட்டித்தான் இருக்கும்போது 9,800 என்பது எண்ணை விற்கிற வியாபாரம். தராசில் போட்டுப் பாருங்கள். உருப்படியான 18650 ஒன்று பொதுவாக 45 கிராமை ஒட்டி இருக்கும். எடை பாதியாக இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நானும் சொல்ல வேண்டியதில்லை.

கட்டை வெளியே வந்துவிட்டது, புதியது போட்டும் எரியவில்லை. அடுத்து வருவது அதுதான் என்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கட்டையின் திசை. பழைய குண்டு பல்பு டார்ச்சில் கட்டையைத் திருப்பிப் போட்டாலும் எரியும். எல்இடி அப்படி எரியாது. அடுத்து, ஸ்பிரிங்கும் விளிம்பும். உலோக டார்ச்சில் மின்சாரம் திரும்பி வருவது குழலின் உடம்பு வழியாகத்தான். பின்மூடி வந்து உட்காருகிற குழலின் விளிம்பில் கறுப்பு, பச்சை, வெள்ளை எது இருந்தாலும் நைஸான உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிடுங்கள். மரையில் படிந்த அழுக்கைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுங்கள். ஸ்பிரிங் அமுங்கிப் போயிருந்தால் விரலால் சற்று இழுத்துவிடலாம்.

அதன்பிறகு ஒரு சின்ன சோதனை. பின்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியின் அடிப்பாகத்தையும் குழலின் பளபளப்பான விளிம்பையும் ஒரு துண்டு வயரால் தொடுங்கள். விளக்கு எரிந்தால் எல்இடியும் பேட்டரியும் நன்றாக இருக்கின்றன, கோளாறு பின்மூடி சுவிட்சில்தான். மலிவு டார்ச்சுகளில் அந்த சுவிட்சை உள்ளே பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு ஓட்டை உள்ள ஒரு வளையம். அது தளர்ந்துவிடும். தட்டினால் எரிகிறது, ஆட்டினால் அணைகிறது என்று கொண்டுவரும் டார்ச்சுகளில் பாதிக்கு மேல் இந்த வளையக் கோளாறுதான் என்பேன். கத்தரிக்கோலின் இரு நுனியையும் அந்த ஓட்டைகளில் வைத்து வலப்பக்கமாகத் திருகி இறுக்குங்கள். பத்து பைசா செலவில்லை. வயர் வைத்தும் எரியவில்லை என்றால் தலைப்பக்கம் எல்இடியைத் தாங்கும் பித்தளைக் குப்பியும் இதேபோல் மரையில்தான் உட்கார்ந்திருக்கும், அதை இறுக்கிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் எல்இடியோ அதன் பலகையோ போய்விட்டது. 150 ரூபாய் டார்ச்சுக்கு அதை மாற்றும் கூலி கட்டாது.

சீசன் முடிந்து பரணில் வைக்கும்போது கட்டையைக் கழற்றித் தனியே வையுங்கள். மரையில் துளி வாசலின் தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

கேள்வி: "எங்களிடம் இருப்பது பின்னால் இரண்டு முள்ளை வெளியே தள்ளி, நேரே பிளக்கில் சொருகுகிற சார்ஜ் டார்ச். இப்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் எரிவதில்லை. பாடி ஒரு பக்கம் உப்பி, விரிசல் விட்டிருக்கிறது. பேட்டரியை எடுக்க முடியவில்லை. சார்ஜில் இருக்கும்போது தொட்ட என் மாமியாருக்கு ஷாக் அடித்தது. பேட்டரி மட்டும் மாற்றினால் சரியாகுமா?"
வாசகி ஒருவர், தருமபுரி மாவட்டம்

பதில்: அம்மா, அந்த டார்ச்சை இனிமேல் பிளக்கில் சொருகவே வேண்டாம். பேட்டரியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இந்த வகை டார்ச்சுகள் பலவற்றில் மின்மாற்றி கிடையாது. 230 வோல்ட்டை ஒரு கெப்பாசிட்டர் வழியாக விட்டு, மின்னோட்டத்தைக் குறைத்து, அப்படியே பேட்டரிக்குக் கொடுப்பார்கள். குறைப்பது மின்னோட்டத்தை மட்டுமே. வீட்டு லைனிலிருந்து பிரித்து வைக்கும் வேலையை அது செய்வதில்லை. அதனால் பிளக்கில் இருக்கிறவரை உள்ளே இருக்கும் ஒவ்வொரு வயரும், பேட்டரி முனையும்கூட, லைனோடு சேர்ந்ததுதான். பாடி முழுசாக இருக்கும்வரை பிளாஸ்டிக் காப்பாற்றும். விரிசல் விழுந்தபின், அதுவும் ஈரக்கையோடு தொட்டால், சுவிட்ச் போர்டைத் திறந்து கை வைத்ததற்குச் சமம். மாமியாருக்கு ஒன்றும் ஆகாமல் போனது நல்ல நேரம்.

பாடி உப்பியதற்குக் காரணம் உள்ளே இருக்கும் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. மோட்டார் சைக்கிள் பேட்டரியின் குட்டித் தம்பி, மூடி போட்டு அடைத்தது. இதில் சார்ஜ் நிறைந்ததும் தானே நிற்கும் வசதி பல டார்ச்சுகளில் இல்லை. இரவு முழுக்க, சில வீடுகளில் இரண்டு மூன்று நாள், பிளக்கிலேயே கிடந்தால் உள்ளே வாயு உண்டாகி, ஈரம் வற்றி, தகடுகள் விரிந்து பேட்டரி உப்பும். அதுதான் பாடியை உடைத்துக்கொண்டு இறுகிவிட்டது. நெம்பி எடுத்தால் உள்ளே இருக்கும் கந்தக அமிலம் கசியும்.

பேட்டரி மட்டும் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும்தான். ஆனால் விரிசல் விட்ட பாடியில் புது பேட்டரி போடுவது என் கணக்கில் வீண், அபாயமும்கூட. முள்ளைப் பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் சற்று நேரம் தங்கும் என்பதால் அந்த முள்ளையும் உடனே தொடாதீர்கள். டார்ச்சை அப்படியே மூட்டை கட்டிவிட்டு, அடுத்தது வாங்கும்போது போன் சார்ஜர் வயரால் ஏற்றுகிற மாதிரியாகப் பாருங்கள். அதில் 230 வோல்ட் சார்ஜரோடு நின்றுவிடும், டார்ச்சுக்கு வருவது 5 வோல்ட்தான். சார்ஜரில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதே முள் டார்ச்சை நல்ல நிலையில் வைத்திருப்பவர்களுக்கு: காகிதத்தில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ அத்தனைதான். பகலில் போட்டு, நேரம் பார்த்து எடுங்கள். சார்ஜில் இருக்கும்போது எரிய விடாதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. பயன்படுத்தாத நாட்களிலும் மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். ஈய பேட்டரி வெறுமையாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது.

கேள்வி: "பழைய கட்டைகளை எருக்குழியில் போடுகிறார் என் கணவர். மக்காது என்று சொன்னால் கேட்பதில்லை. என்ன செய்வது?"
வாசகி ஒருவர், ஈரோடு மாவட்டம்

பதில்: மக்காது என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. கட்டையின் துத்தநாகமும் ஈய பேட்டரியின் ஈயமும் அமிலமும் குழியில் இறங்கி, எருவோடு உங்கள் வயலுக்கே வரும். ஈயம் மண்ணை விட்டு எளிதில் போகாது. கணவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அடுப்பில் போடுவது அதைவிட மோசம், அடைத்த பேட்டரி வெடிக்கும். மத்திய அரசின் 2022-ம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளும் பழைய பேட்டரியை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியே கொடுக்க வேண்டும் என்றே சொல்கின்றன.

மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வெயில்படாத இடத்தில் வைத்து, பழைய கட்டைகளைச் சேர்த்து வாருங்கள். லித்தியமாக இருந்தால் இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுப் போட வேண்டும், ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகக்கூடாது. ஈய பேட்டரியைப் பேட்டரிக் கடையில் எடைக்கே எடுத்துக்கொள்வார்கள். மற்றவற்றை ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் 'இது பேட்டரி' என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

சாவிக்கொத்து டார்ச்சில் வரும் பொத்தான் பேட்டரியை மட்டும் டப்பாவோடு உயரமான இடத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், அழுகிறதா என்று காத்திருக்காமல், 108-ஐ அழைத்து உடனே எக்ஸ்-ரே வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அதே மாதிரி பேட்டரி இன்னொன்றோ அதன் அட்டையோ வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும்.